நோட்டில் நிற்கும் செம்பனை

இந்நாட்டில் மிக அதிகமான கைகளில் புழங்கும் சித்திரம் எது என்று வாசகர்களைக் கேட்டால், ஒருவர் கோயில் சுவரிலுள்ள தெய்வ உருவத்தைச் சொல்லுவார். மற்றொருவர் கடைத்தெருவில் தொங்கும் சினிமாப் படத்தைச் சொல்லுவார். கற்றறிந்தவர் ஒருவர் ரவிவர்மாவின் பெயரை எடுப்பினும் எடுப்பார். இம்மூவரும் விடையைத் தத்தம் மடியிலேயே முடிந்து வைத்துக்கொண்டு வேறெங்கோ தேடுகின்றனர். நாணயத்தின்மேலும் நோட்டின்மேலும் சர்க்கார் பொறித்து வெளியிடும் சித்திரங்களையே நாம் குறிக்கின்றோம்.

கவிதை நூல் வெளிவந்தால் மதிப்புரை எழுதுகின்றோம். நாடகம் அரங்கேறினால் அதன் குற்றங் குணங்களை ஆராய்கின்றோம். ஆனால், கோடிக்கணக்கில் அச்சாகி, மந்திரி கை முதல் மரம் வெட்டுவோர் கை வரையில் ஓயாது சென்று வரும் இச்சித்திரங்களைப்பற்றி நம் பத்திரிகைகளில் ஒரு வரி காண்பதும் அரிதாயிருக்கின்றது. இவை நம் பணத்தால் அச்சிடப்படுவன. நம் எல்லோர் பெயராலும் வெளியிடப்படுவன. ஆதலின் இவற்றைப்பற்றி அபிப்பிராயம் சொல்லும் உரிமையும் நம் எல்லோர்க்கும் உண்டு.

இத்தகைய பொதுச் சித்திரங்களை எந்தத் தராசில் இட்டு நிறுப்பது? இரண்டு கேள்விகள் போதும். இந்நாட்டு மக்களுள் எவர் பார்த்தாலும், ‘இதில் என்னுடையதும் ஒன்று இருக்கின்றது’ என்று கொள்ள இடமுண்டா? பார்த்தவர் மனம் ஒரு கணம் நின்று, வேறொன்றை நினைந்து மகிழும்படியான கற்பனை உண்டா? முன்னது நீதியைப்பற்றிய கேள்வி, பின்னது கலையைப்பற்றிய கேள்வி என்று சிலர் பிரிப்பர். பொதுச் சித்திரத்தைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே கேள்வி என்பதே நம் கட்சி. கற்பனை வறண்ட இடத்தில்தான் மக்களுள் ஒரு பகுதியார் விடுபட்டுப் போகின்றனர்.

முதலில் ஒரு நல்ல உதாரணத்தைக் காண்போம். 1989-ம் வருஷத்தில் மலேசிய மத்திய வங்கி ஒரு நாணய வரிசையை வெளியிட்டது. அதன் ஒரு காசில் பறை போன்ற ஒரு தோற்கருவி. ஐந்து காசில் பம்பரம். பத்துக் காசில் சொங்காக் என்னும் குழிப்பலகை. இருபது காசில் வெற்றிலைப் பெட்டி. ஐம்பது காசில் பிறை வடிவான வால் கொண்ட பட்டம். இவை யாவும் மலாய் மக்களின் வாழ்விலிருந்து எடுக்கப்பட்டவை. நாட்டின் முதற்குடிகளது கைப்பொருள் நாட்டின் காசில் ஏறுவது இயல்பே. அதில் குறை கூற ஒன்றுமில்லை. நாம் வியப்பது வேறொன்று.

அந்தப் பத்துக் காசை ஒரு தமிழ்ப் பாட்டியிடம் காட்டுங்கள். ‘இது பல்லாங்குழி அல்லவா?’ என்பாள். சொங்காக்குப் பலகை தோணி வடிவானது. இரு முனைகளிலும் இரண்டு பெருங்குழிகள் உடையது. நம் பல்லாங்குழிக்கு ஏழேழாகப் பதினான்கு குழிகளே உண்டு. ஆயினும் ஒரு குழியிலுள்ளதை அள்ளி, அடுத்த குழிதோறும் ஒவ்வொன்றாக இட்டுச் செல்லும் முறை இரண்டிற்கும் பொது. அங்கே கோலியோ விதையோ. இங்கே சோழியோ புளியங்கொட்டையோ. ஆப்பிரிக்காவிலும் மக்கள் இம்முறையில் ஆடுகின்றனர். இருபது காசு வெற்றிலைப் பெட்டியோ நம் வீட்டு வெற்றிலைச் செல்லத்திற்கு உடன்பிறந்தது. மலாய்க் கலியாணத்தில் வெற்றிலைத் தட்டு முன்னே செல்லும். தமிழ்க் கலியாணத்தில் தாம்பூலம் மாற்றிக்கொண்டால்தான் பேச்சு முடிந்ததாகப் பொருள். பம்பரமும் பட்டமும் எந்தப் பிள்ளைக்குத்தான் அந்நியம்?

இந்நாணயங்களில் தமிழர்க்கென்று தனியாக ஒரு மூலை ஒதுக்கப்படவில்லை, சீனர்க்கும் அப்படியே. ஆயினும் எவரும் வெளியே நிற்கவில்லை. ஒருவர் வீட்டுப் பொருளை, மற்றவரும் தம் வீட்டில் கண்டதாக உணரும்படி தெரிந்தெடுத்த அந்தத் தேர்விலேதான் கற்பனை இருக்கின்றது. 2012-ல் வந்த புது வரிசையில் இப்பொருள்கள் மறைந்து, தாழைமடல் பாய்ப் பின்னலும் கொடிக்கோலமும் போன்ற அலங்கார வடிவங்கள் இடம் பெற்றன. அவையும் அழகியனவே. ஆனால், பேரப்பிள்ளை காசைக் காட்டி, ‘பாட்டி, இது என்ன?’ என்று கேட்கவும், அவள் ஒரு விளையாட்டைக் கற்றுக்கொடுக்கவும் இருந்த வாய்ப்புப் போய்விட்டது. அலங்காரம் கண்ணோடு நிற்கும். பொருளோ கதை சொல்லும்.

இனி, நாம் எங்கும் காணும் மற்றொரு வகைச் சித்திரத்தைப் பார்ப்போம். ஒற்றுமையைப்பற்றிய சுவரொட்டிகளில் மூவரோ நால்வரோ வரிசையாக நிற்பர். ஒருவர் சொங்கோக் தொப்பி அணிந்திருப்பார்; ஒருத்தி சீன அங்கி தரித்திருப்பாள்; ஒருத்தி சேலை உடுத்து, நெற்றியில் பொட்டிட்டிருப்பாள். எல்லோரும் சிரிப்பர், எல்லோரும் கைகளை உயர்த்துவர். எவரையும் விட்டுவிடவில்லை என்று கணக்குக் காட்ட இது உதவும். ஆனால், அச்சேலைக்குள் இருப்பவள் யார்? அவள் எங்கே பிறந்தாள்? என்ன வேலை செய்கின்றாள்? அவள் கையில் ஒரு கருவியும் இல்லை. காலடியில் ஒரு மண்ணும் இல்லை. துணிக்கடைப் பொம்மைக்கும் அவளுக்கும் வேறுபாடு காணோம். இந்நாட்டுத் தமிழனை உடையாக மட்டும் காட்டும் சித்திரம், அவனை விருந்தினனாகவே நிறுத்துகின்றது. விருந்தினன்தான் நல்ல துணி உடுத்து வாயிலில் நிற்பான். வீட்டுக்காரன் வேலை செய்துகொண்டிருப்பான்.

இந்த எண்ணத்தோடு, ஐம்பது வெள்ளி நோட்டின் பின்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். நாடு விடுதலை பெற்ற ஐம்பதாம் ஆண்டையொட்டி வெளிவந்த வடிவம் அது. ஒருபால் முதற் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் அவர்களின் உருவம். மற்றொருபால் செம்பனை மரங்கள். விடுதலையையும் விளைச்சலையும் ஒரே தாளில் இணைத்தது நல்ல கருத்தே. அதற்கு முந்திய ஐம்பது வெள்ளி நோட்டில் இருந்தது கடலில் எண்ணெய் எடுக்கும் மேடை. இயந்திரம் இருந்த இடத்திற்கு மரம் வந்தது நம் கண்ணுக்கு இனியதே.

சில நாட்களுக்கு முன், கோலசிலாங்கூர் பேருந்து நிலையத்தில், வடக்குத் தோட்டங்களில் உதிரிப்பழம் பொறுக்கியே முதுகு வளைந்த ஒரு தாயாரோடு பேசிக்கொண்டிருந்தோம். நம் கையிலிருந்த நோட்டைத் திருப்பிக் காட்டி, ‘அம்மா, இது என்ன மரம், தெரிகின்றதா?’ என்றோம். அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். ‘தெரியாம என்ன தம்பி? மரம் நல்லாத்தான் நிக்குது. குலை வெட்டறவன் ஒருத்தனையும் காணோமே!’ என்றார். நாம் இவ்வளவு நீளமாக எழுதப் புகுந்த மதிப்புரையை அவர் ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார்.

அவர் சொல்லின் கனத்தை அறிய, அம்மரத்தின் வரலாறு சிறிது தெரியவேண்டும். செம்பனை மேற்கு ஆப்பிரிக்காவுக்கு உரியது. 1848-ல் நான்கு கன்றுகள் ஜாவாவிலுள்ள போகோர் தோட்டத்தில் நடப்பட்டன. அவ்வழியில் வந்த விதைகள் சுமத்திராவுக்குப் பரவி, அங்கிருந்து இந்நாட்டுக்கு வந்தன. ஆன்றி போக்கோனியே என்னும் பிரெஞ்சுக்காரர் கோலசிலாங்கூரை அடுத்த ரந்தாவ் பாஞ்சாங்கில் அவற்றை முதலில் அழகுக்காகவே நட்டார். பின்னர், 1917-ம் வருஷத்தில், இன்று பெஸ்தாரி ஜெயா எனப்படும் பத்தாங் பெர்ஜுந்தையைச் சார்ந்த தென்னமரம் தோட்டத்தில், வியாபார முறையில் இந்நாட்டின் முதற் செம்பனைப் பயிர் தொடங்கிற்று. அத்தோட்டத்தின் பெயரைக் கேட்கும் எந்தத் தமிழன் காதிலும் ‘தென்னைமரம்’ என்னும் சொல் ஒலியாமற் போகாது. நாட்டின் பெருஞ்செல்வமாய் வளர்ந்த பயிர் தமிழ் ஒலிக்கும் பெயருடைய மண்ணிலே வேரூன்றியது.

போக்கோனியே பின்னர் மலாயாவைப்பற்றி ஒரு நாவல் எழுதி, 1930-ல் பிரான்ஸ் நாட்டின் கோன்கூர் பரிசும் பெற்றார். துரைமாருள் ஒருவர் வாழ்வு இலக்கியமாயிற்று. காடு வெட்டியவர், கன்று நட்டவர், குலை சுமந்தவர் ஆகியோர் வாழ்வோ பெரும்பாலும் செக்ரோல் புத்தகத்தின் வரியோடு நின்றது. பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிட்டபோது ‘இருக்கேன்’ என்றார்கள். அவ்வளவே அவர்கள் சரித்திரம்.

செம்பனை தானே வளர்ந்து தானே எண்ணெய் தருவதன்று. மரம் இளமையாயிருக்கும்போது உளியால் குலையைத் தள்ளலாம். உயர்ந்தபின் நீண்ட கழியின் நுனியில் அரிவாளைப் பூட்டி, அண்ணாந்து நின்று, மட்டையை முதலில் அறுத்து, பிறகு குலையை அறுக்கவேண்டும். முற்றிய குலை இருபது கிலோவுக்கு மேலும் நிறுக்கும்; முள் நிறைந்தது; எங்கே விழும் என்று நொடியில் கணித்து விலகவேண்டும். விழுந்த அதிர்ச்சியில் சிதறும் உதிரிப்பழங்களைக் குனிந்து பொறுக்கவேண்டும். நம் பெண்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்த வேலை அது. வெட்டிய பழத்தை விரைவில் ஆலைக்குச் சேர்க்காவிட்டால் எண்ணெய் தரம் கெடும். ஆகவே நாள் முழுதும் ஓட்டம். இருபத்தைந்து ஆண்டளவில் மரத்தை வீழ்த்தி மறு நடவு செய்வர். 1917-ன் மரம் இன்று இல்லை. மரம் மாறிக்கொண்டே இருக்க, மாறாமல் நின்றது தொழிலாளியின் கையே. நோட்டிலோ மரம் நிலைத்தது, கை மறைந்தது.

இதைச் சித்திரக்காரர் வேண்டுமென்று செய்தார் என்று நாம் சொல்லவில்லை. மரத்தை வரைவது எளிது. மனிதனை வரைவது கடினம். எந்த மனிதனை வரைவது என்னும் வினா எழும். வினாவைத் தவிர்க்க மரத்தோடு நிறுத்திக்கொள்வர். ஆனால், இவ்வினாவை இந்நாடு ஒருகாலத்தில் தவிர்க்கவில்லை. 1957-ல் மலாயாக் கூட்டாட்சி வெளியிட்ட முதல் தபால் முத்திரைகளுள் ஒன்று பால்மரம் சீவும் தொழிலைக் காட்டியது. வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறையுமென்று விடியுமுன் எழுந்து, வாளியும் உளியுமாய் நிரைக்குப் போன நம்மவர் தொழில், அவர்தம் பிள்ளைகளுக்கு அவர் போட்ட கடிதத்தின் மூலையிலேயே ஒட்டியிருந்தது. 1986-ல் வந்த முத்திரை வரிசையின் கருப்பொருளோ விளைபொருள்கள்: காப்பி, கொக்கோ, மிளகு, ரப்பர், செம்பனை, நெல். முப்பது ஆண்டுகளுக்குள் தொழில் போய்ப் பொருள் வந்துவிட்டது. பொருள் எப்படி வந்தது என்னும் கேள்விக்கு அவ்வரிசையில் இடமில்லை.

இங்கே ஒரு தடை எழக்கூடும். ‘தோட்டத்துப் பிள்ளைக்கு வீடு வேண்டும், பள்ளிக்கூடம் வேண்டும், அடையாள அட்டை வேண்டும், நோட்டில் படம் இருந்தால் வயிறு நிறையுமா?’ என்று தொழிலாளத் தோழர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. இதற்கு இரண்டு பகுதியாக விடை சொல்லவேண்டும்.

ஒன்று: சித்திரம் வெறும் அழகுப் பொருளன்று, உரிமைக்குக் கதவு திறந்ததும் உண்டு. 1951-52-ல் இந்தியாவில் முதற் பொதுத் தேர்தல் நடந்தபோது, வாக்காளர் 17 கோடிக்கு மேற்பட்டவர். அவருள் பெரும்பாலார் எழுத்தறியாதவர். பூட்டிய காளைகள், குடிசை, மரம், விளக்கு, கதிரும் அரிவாளும் எனச் சின்னங்களைப் பெட்டிகளின்மேல் ஒட்டினார்கள். கையெழுத்துப் போடத் தெரியாத கிழவியும் தன் மனத்திற்கு இசைந்த பெட்டியைத் தானே கண்டுபிடித்தாள். இந்நாட்டிலும் 1955-ம் வருஷத் தேர்தலில் கூட்டணிக் கட்சிக்குப் பாய்மரக் கப்பல் சின்னமாயிருந்தது. எல்லோரும் அறிந்த பொருளைத் தெரிந்தெடுத்ததனால், எழுத்து அறியாமை என்னும் வேலி அங்கே இடிந்தது. பத்துக் காசுப் பல்லாங்குழியின் தத்துவமும் இதுவே.

இரண்டு: சித்திரத்தில் இடம் கிடைத்ததாலேயே மண்ணில் இடம் கிடைத்துவிடாது என்பதையும் நாம் மறக்கலாகாது. இலங்கையில் 1935-ல் தொடங்கி வெளியிட்ட முத்திரைகளில் ஒன்று ரப்பர் மரம் சீவுவதையும், மற்றொன்று தேயிலைக் கொழுந்து பறிப்பதையும் காட்டின. அச்சித்திரம் கண்ட தொழிலைச் செய்தவர் பெரும்பாலும் மலையகத் தமிழர். 1948-ல் அங்கே இயற்றிய குடியுரிமைச் சட்டம் அவர்களுள் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. கொழுந்து பறிக்கும் கை முத்திரைக்கு அழகாயிருந்தது. அக்கைக்கு ஒரு நாடு இல்லாமற் போயிற்று. கையை மட்டும் எடுத்துக்கொண்டு ஆளை விட்டுவிடும் சித்திரம், கையே இல்லாத சித்திரத்தினும் கொடியது.

ஆகவே நாம் கேட்பது படத்தை மட்டுமன்று. படமும் பட்டாவும் ஒன்றையொன்று நினைவூட்ட வேண்டும் என்பதே நம் கோரிக்கை. நோட்டில் குலை வெட்டும் கை இருந்தால், சிவப்பு அடையாள அட்டையோடு அலுவலகப் படியேறும் தோட்டத்துப் பிள்ளை, ‘இந்தக் கை யாருடையது, ஐயா?’ என்று கேட்கலாம். மரம் மட்டும் இருந்தால் அவன் என்ன கேட்பான்? மரம் யார்க்கும் சாட்சி சொல்லாது.

இவ்விடத்தில் நம்மையும் நாமே சோதித்துக்கொள்வது முறை. சர்க்காரைக் கேட்குமுன் நம் சுவரைப் பார்ப்போம். தமிழ்க் கடைக்காரர் வருஷந்தோறும் வழங்கும் காலண்டரில் யார் இருக்கின்றார்? தெய்வம் இருக்கின்றது, நடிகர் இருக்கின்றார், தாம் அணிந்த மாலையோடு கடை முதலாளியும் இருக்கின்றார். பால்மரம் சீவிய பெண்ணை அட்டையிற்போட்ட காலண்டர் எத்தனை? திருவிழா மலரில் நன்கொடையாளர் படம் பக்கம் பக்கமாக வரும். அக்கோயிலுக்கு மண் சுமந்த தோட்டத்துச் சனங்களின் ஒரு கூட்டப் படமாவது வருகின்றதா? தமிழ்ப் பள்ளிச் சுவரில் தாஜ்மஹால் வரைகின்றோம். அப்பள்ளியை எழுப்பிய லயத்தை வரைய வெட்கப்படுகின்றோம். 1941-ல் கிள்ளான் வட்டாரத்துத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கும் வழக்கம் ஒழியவேண்டும் என்பதும் அவர்தம் கோரிக்கைகளுள் ஒன்று. அவர்கள் சைக்கிளிலிருந்து இறங்க மறுத்தார்கள். அவர்கள் பேரர்களாகிய நாமோ அந்தச் சைக்கிளையும் படத்திலிருந்து இறக்கிவிட்டோம்.

மற்றொரு கடமையும் உண்டு. இன்று வடசிலாங்கூர்த் தோட்டங்களில் அரிவாள் கழியைத் தூக்கி நிற்பவர் பலர் இந்தோனேசியர். வங்காள தேசத்தாரும் நேபாளியரும் உண்டு. நம்மவர் பிள்ளைகள் பட்டணத்துக்குப் போய்விட்டார்கள். விடுபட்ட கை நம்முடையது என்று வழக்காடும் நாம், இப்போது விடுபடும் கை அவர்களுடையது என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். தமிழன் கையை வரையுங்கள் என்று மட்டும் கேட்பது இனப்பற்று. உழைத்த கையை வரையுங்கள் என்று கேட்பதே நீதி. அவ்வாறு கேட்டால் நமக்கும் இடம் உண்டு, ஜாவாக்காரனுக்கும் இடம் உண்டு, நாளை வருபவனுக்கும் இடம் உண்டு.

இவற்றையெல்லாம் ஒரு சிறு தாளில் அடக்க முடியுமா என்று சித்திரக்காரர் மலைக்கவேண்டா. முகம் வேண்டியதில்லை, நிறம் வேண்டியதில்லை, உடை வேண்டியதில்லை. மரத்தினடியில் அண்ணாந்த ஒரு கழுத்தும், கழியைப் பற்றிய இரண்டு கைகளும், குனிந்து பழம் பொறுக்கும் ஒரு முதுகும் போதும். பார்த்தவர் ஒவ்வொருவரும் அதில் தம் தாயையோ தந்தையையோ கண்டுகொள்வர். பல்லாங்குழியைக் காசில் வைத்து எல்லோரையும் ஆட அழைத்த அதே கற்பனை, செம்பனைக்கடியில் இரண்டு கைகளை வைக்கத் தெரியாமலா போய்விடும்?

நோட்டுக்கள் பழுதாகும், புதியன அச்சாகும். அடுத்த முறை அச்சிடும் நாள் வருமுன், நம் சங்கங்களும் பள்ளிகளும் இதைப்பற்றி ஒரு தீர்மானமாவது நிறைவேற்றி அனுப்பலாகாதா? அதுவரையில், தோட்டத்துப் பெற்றோர் ஒன்று செய்யலாம். பிள்ளையின் கையில் அந்த ஐம்பது வெள்ளியைக் கொடுத்து, ‘இம்மரத்தடியில் உன் பாட்டி நின்றாள்’ என்று சொல்லிக்கொடுக்கலாம். சர்க்கார் வரையாததை வாய்ச்சொல்லாவது வரைந்து வைக்கட்டும்.